சுணங்கி வரும் கொம்புக்காரன்

பதுளைக் கடைத்தெருவில் பீங்கான் கடை வைத்திருந்த மொஹிதீனுக்கும் அவர் மனைவி ஸித்தி ஸுபைதாவுக்கும் நாலு வருஷமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. காணி வழக்கு, சீதன வழக்கு என்றால் பள்ளிவாசல் பெரியவர்கள் நாலு பேர் கூடித் தீர்த்து வைத்திருப்பார்கள். இது அவர்கள் தலையிடக்கூடிய வழக்கல்ல. பாட்டுப்பெட்டியில் போடுகிற ஒரு கறுப்புத் தட்டில், எந்த நாட்டிலோ இருக்கிற எவனோ ஒருவன் கொம்பு ஊதுகிறான். மற்ற வாத்தியமெல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது அவன் மட்டும் ஏன் சுணங்கி வந்து சேர்கிறான் என்பதுதான் வழக்கு. அவன் சோம்பேறி என்பது மொஹிதீன் கட்சி. ஏதோ கெட்ட செய்தி கேட்டுவிட்டு, மனமில்லாமல் வந்து ஊதுகிறான் என்பது ஸுபைதா கட்சி.

அந்தத் தட்டுகள் அவர்கள் வீட்டுக்கு வந்ததே ஒரு கூத்து. ஆறு வருஷத்துக்கு முன்னால் பசறைப் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் வேலையை விட்டுச் சீமைக்குக் கப்பலேறினார். துரைமார் போகிறபோது பங்களாச் சாமான்களை முற்றத்தில் பரப்பி ஏலம் போட்டுவிட்டுப் போவது வழக்கம். மொஹிதீன் பீங்கான்களுக்காகப் போனார். எல்லாவற்றையும் ஒரே குவியலாக விட்டதில், பீங்கான் பெட்டிகளோடு ஒரு பாட்டுப்பெட்டியும், ஒரு தகரப் பெட்டி நிறையத் தட்டுகளும் சேர்ந்து வண்டியேறி வந்துவிட்டன. விற்றுவிடலாம் என்றுதான் நினைத்தார். விற்பதற்கு முன் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, சோறு தின்று, சாவி கொடுத்தார். அன்றைக்கே விற்கிற எண்ணம் போய்விட்டது.

பதினேழு தட்டு. துரைமார் கட்டிப்பிடித்து ஆடுவதற்குப் போடுகிற சங்கீதம் என்று யாரோ சொன்னார்கள். தட்டின் நடுவில் ஒட்டியிருந்த எழுத்து இருவருக்கும் படிக்கத் தெரியாது. ஆகவே ஸுபைதாவே பெயர் வைத்தாள். மெல்லிய குழல் ஒன்று துரத்தப்பட்ட கோழி மாதிரிக் கத்திக்கொண்டு ஓடுகிற தட்டுக்குக் கோழித்தட்டு. முடியும்போது ஒருவன் இரண்டு வார்த்தை சொல்ல, இன்னொருவன் சிரிக்கிற தட்டுக்குச் சிரிப்புத்தட்டு. என்ன சொன்னான், எதற்குச் சிரித்தான் என்று இரண்டு நோன்பு காலம் முழுக்க அவர்கள் யோசித்தார்கள். பச்சை ஒட்டுப் போட்ட ஒரு தட்டு ஒரு பக்கம் அருமை, மறுபக்கம் சோற்றுக்கு உதவாது என்பது ஸுபைதாவின் முடிந்த முடிவு. மறுபக்கத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் வாய் திறக்கிறார்கள், ஒருவரும் மற்றவருக்குக் காது கொடுக்கவில்லை, கல்யாண வீட்டுச் சமையலறை மாதிரி இருக்கிறது என்பாள். சங்கீதம் என்றால் ஒருவன் பேசும்போது மற்றவன் அடங்க வேண்டும். அப்படி அடங்கத் தெரிந்தவர்கள் பதினேழில் நாலு தட்டில்தான் இருந்தார்கள்.

அந்த நாலில் முதலாவது கொம்புக்காரன் தட்டு. இத்தனைக்கும் முதல் இரண்டு வருஷம் அதை அவள் கண்டுகொள்ளவே இல்லை. துள்ளிக் குதிக்கிற பத்துத் தட்டில் அதுவும் ஒன்று என்று நினைத்தாள். பிறகு, கேட்கக் கேட்க, அதற்குள் ஒரு மனிதன் இருப்பது தெரிய வந்தது. மற்றவர்கள் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, அவன் செருப்பைத் தேடிக்கொண்டு உள்ளேயே நிற்கிறான். வருகிறான். வந்தும் பாதி மனத்தோடு நிற்கிறான். வருஷம் போகப் போக அவன் குரல் தடித்துக் கரகரத்தது. ஊசி பட்டுத் தட்டுத் தேய்கிறது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். தேயத் தேயத்தான் அது நன்றாக இருந்தது. மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்து, கடைப்பையன்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டு, முழங்கால் இரண்டும் கழன்று போன நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு, துள்ளிக் குதிக்கிறவனைவிடக் களைத்துப் போய் வருகிறவனைத்தானே பிடிக்கும்.

வாத்தியங்களில் ஒன்றையும் அவர்கள் கண்ணால் கண்டதில்லை. சத்தத்தை வைத்தே எல்லாவற்றையும் முடிவு கட்டியிருந்தார்கள். ஒரு தட்டில் இடையிடையே ஒரு முனகல் வரும். வழுக்கிக்கொண்டு மேலே போகும், வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். அது வயிற்றுவலிக்காரன் ஒருவனைப் பிடித்து நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று மொஹிதீன் சாதித்தார். மனிதத் தொண்டைக்கு அப்படி வராது, அது ஏதோ சாமான் என்றாள் ஸுபைதா. இதற்காக ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததும் உண்டு.

பதுளை முழுக்கத் தேடினாலும் இந்தத் தட்டுகளைப் பற்றி அவள் வாய் திறக்கக்கூடிய ஆள் மொஹிதீன் ஒருவர்தான். பந்தாரவளையில் இருந்து வருகிற மூத்த மகள் மர்லியா, பெட்டியைக் கண்டாலே தலைவலி என்பாள். ஸுபைதாவை அக்கா முறையில் தாத்தா என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு லரீபா, "என்ன தாத்தா, ஒங்கட ஊட்ல பூன சண்ட பிடிக்கிதா?" என்று கேட்டுவிட்டாள். ஆகவே வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் மாலை அஸர் தொழுகைக்கும் நடுவே, கடை பூட்டியிருக்கிற அந்த இரண்டு மணி நேரம்தான் ஸுபைதாவின் வாரம். மொஹிதீன் சாவி கொடுப்பார், ஊசி மாற்றுவார், எண்ணெய் விடுவார். உள்ளே சுருள்வில் இருக்கிறது, கையைக் கிழித்துவிடும் என்று அவளைப் பெட்டிக்குக் கிட்டே விடமாட்டார். அவள் பாயில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்வாள். அவர் மறுப்பார். அந்த மறுப்புக்காகத்தான் அவள் ஆறு நாள் அடுப்படியில் நின்றாள் என்றே சொல்லலாம்.

கொஞ்சக் காலமாக அந்த மறுப்பில் உயிர் இல்லை. அவள் என்ன சொன்னாலும், "அவன் சோம்பேறி எண்டு நான் செல்லல்லியா" என்று ஒரே பதில் வந்தது. ஒருநாள் சிரிப்புத்தட்டு ஓடும்போதும் அதே பதில் வந்தது. அவருக்கு உயிரான கோழித்தட்டை, அதில் ஒன்றும் இல்லை என்று பெட்டியின் அடியில் போட்டுவிட்டார். அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் அடுப்பின் பக்கம் திரும்பிப் பேசினால் எழுந்து போய்விடுவார். ஸுபைதா அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் கண்டாள். இருபத்தெட்டு வருஷம் கேட்டது போதும் என்று ஆகிவிட்டது, தன் பேச்சு அவருக்கு அலுத்துவிட்டது. அழுது தீர்க்கிற வயதும் இல்லை. உள்ளே ஏதோ ஒன்று தூக்கம் போதாத ஆள் மாதிரி எப்போதும் சோர்ந்தே கிடந்தது.

அந்த நேரத்தில்தான் குதிரைப்பந்தயம் வந்தது. பந்தய வாரத்தில் ஊவாத் தோட்டத்துத் துரைமார் எல்லாரும் பதுளையில் கூடுவார்கள். கிளப்பில் தேநீர் விருந்துக்கு நூறு கோப்பை வாடகைக்குக் கேட்டு மொஹிதீன் கடைக்கு ஆள் வந்தது. கோப்பைப் பெட்டிகளை ஏற்ற வந்த வண்டிக்காரச் சின்னராசா பின்கட்டுக் கதவடியில் நின்று தண்ணீர் கேட்டபோது செய்தியைப் போட்டு உடைத்தான். மடுல்சீமையில் பிறந்தவன், ஐம்பது வயது, வாய் ஓயாத ஆள்.

"கொழும்புலருந்து ரயில்ல ஒரு கூட்டம் வந்திருக்குங்க, அம்மா. சனிக்கெழம கிளப்புல வாசிக்கப் போறாங்க. நாந்தான் பெட்டியெல்லாம் ஏத்திக்கிட்டு வந்தேன். ஒரு பெட்டி ஆள் நீளத்துக்கு இருக்குங்க. ஒண்ணு தேங்கா துருவுற பலகையாட்டம் இருக்கு."

கதவின் இந்தப் பக்கம் நின்ற ஸுபைதா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டாள். அந்த ஆள் நீளப் பெட்டிக்குள் முனகல் இருக்கலாம். ஏதோ ஒரு பெட்டிக்குள் நிச்சயம் கொம்பு இருக்கிறது. ரயில் பதுளைக்கு வந்து நாலு வருஷமாயிற்று. அது கொண்டுவந்த ஒன்றுக்காக அவள் சந்தோஷப்பட்டது இதுவே முதல் தடவை.

அன்று இரவுச் சோறு தின்னும்போது கணவனிடம் கேட்டாள். நேரே எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

"சனிக்கெழம கிளப்படிக்குப் போவோம். வண்டியில இருந்து கேட்டுட்டு வந்துருவோம்."

"அதெல்லாம் எனத்துக்கு? ஊட்ல பெட்டி ஈக்கிதுதானே."

"பெட்டியில ஈக்கிறது தட்டு. அங்க ஊதுறது மனிசன்."

"மழ பெய்யும்."

"வண்டிக்குக் கூடு ஈக்கிது."

"கிளப்படியில குதிரக்காரன், டிரைவர்மார் எல்லாம் நிப்பானுகள். சரிவராது."

"தெர போட்ட வண்டிதானே. நான் எறங்கவா போற?"

சாக்குப்போக்கெல்லாம் தீர்ந்து அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஸுபைதா பிடித்த பிடியை விடவில்லை. "இருவத்தெட்டு வருஷத்துல நான் ஒங்ககிட்ட ஒண்டு கேட்டீக்கிறனா?" என்றாள். அவர் நிமிர்ந்து அவள் உதட்டைப் பார்த்தார். பிறகு சரி என்றார். தூக்குத் தண்டனைக்குச் சம்மதிக்கிறவன் மாதிரிச் சொன்னார். ஒரு சின்ன ஆசைக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. அன்று மீன் ஆணத்தில் பெரிய துண்டை அவருக்கு வைக்கவில்லை.

சனிக்கிழமை அஸர் முடிந்து புறப்பட்டார்கள். கூண்டு வண்டி, முன்னும் பின்னும் நீலத் துணித் திரை. சின்னராசா ஓட்ட, மொஹிதீன் வண்டியின் பின்னால் நடந்து வந்தார். பந்தயம் முடிந்து துரைமாரும் துரைசானிமாரும் கிளப்புக்கு வந்துகொண்டிருந்தார்கள். கிளப்பு வேலிக்கு வெளியே, தெருவோரத்தில் ஒரு மரத்தடியில் வண்டி நின்றது. நமுனுகுலை மலைப் பக்கம் மேகம் கட்டியிருந்ததே தவிர வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது. திரையின் ஓரத்தில் ஸுபைதா பார்த்தாள். தெரு நெடுக மோட்டார்களும் குதிரைகளும். அவற்றைப் பார்த்துக்கொள்ள முப்பது நாற்பது ஆண்கள் பீடி குடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் திரையை இழுத்துச் சரியாக மூடிக்கொண்டாள். மொஹிதீன் வண்டியின் பின்பக்கத் திரைக்கு வெளியே, அவள் இருந்த இடத்துக்கு நேராக நின்றார்.

வாசிப்புத் தொடங்கியது.

முதல் அடியிலேயே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தட்டில் மேளக்காரன் எங்கோ பின்னறையில் பெட்டியைத் தட்டுகிறவன் மாதிரி இருப்பான். இங்கே அவன் எல்லார் தலையிலும் ஏறி உட்கார்ந்திருந்தான். வண்டிப் பலகையே அதிர்ந்தது. அடக்கம் இல்லாத ஆள் என்று அவள் முதல் தீர்ப்பை எழுதினாள். மெல்லிய குழல் பரவாயில்லை, ஆனால் தன் அழகைத் தானே ரசிக்கிற குழல். இரண்டாவது உருப்படியில் எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். பச்சை ஒட்டுத் தட்டின் மறுபக்கம் எவ்வளவோ தேவலை. மூன்றாவதில் முனகல் வந்தது. வழுக்கிக்கொண்டு மேலே போனது, கீழே இறங்கியது. அவள் திரையைத் தட்டினாள்.

"கேட்டீங்களா? அதுதான். அந்த முனகல்தான். போய்ப் பார்த்துட்டு வாங்களேன், மனிசனா சாமானா எண்டு."

பதில் வரவில்லை. அவள் திரை வழியாக ஒரு விரலை நீட்டி அவர் தோளைத் தொட்டாள். அவர் குனிந்தார். அவள் விரலால் கிளப்புப் பக்கம் காட்டினாள். அவர் வேலியில் இடைவெளி இருந்த இடத்துக்குப் போனார். கூட்டம் வாசித்துக்கொண்டிருந்த கிளப்பு விராந்தை அங்கிருந்து நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். குரலில் உற்சாகம் இருந்தது.

"நீ செல்லினதுதான் சரி ஸுபைதா. மனிசன் இல்ல, சாமான். ஒரு நீளக் கொழாய இழுத்து இழுத்து உடுறான். நான் தோத்துப் போனேன்."

நாலு வருஷத்தில் மொஹிதீன் தோற்றேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. ஸுபைதாவுக்கு மகிழ்ச்சி வரவில்லை. இவ்வளவு சுலபமாகத் தோற்கிற மனிதர் அல்ல அவர். குழாயை இழுத்தாலும் பின்னால் வயிற்றுவலிக்காரன் நிற்கிறான் என்றாவது சொல்லியிருக்க வேண்டும். சண்டையையே கைவிட்டுவிட்டார் என்று தோன்றியது. இந்தக் கச்சேரிக்கு அவரை இழுத்து வந்ததே வீண் என்று நினைத்தாள். முழங்கால் வேறு வலித்தது.

அப்போது அடுத்த உருப்படி தொடங்கியது. கொஞ்சம் போன பிறகுதான் அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டது. தெரிந்த ஆள், ஆனால் ஓடுகிறான். இந்த வளைவு தெரியும், இந்த இறக்கம் தெரியும். எல்லாம் ஒரு கட்டை மேலே, பட்டாசு வேகத்தில் போயிற்று. இது கொம்புக்காரன் தட்டு. அவள் திரைத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவன் வரப்போகிற இடத்துக்குக் காத்திருந்தாள். அவன் சுணங்கவில்லை. கூப்பிட்ட உடனே வந்தான். பளபளவென்று, சிரித்துக்கொண்டு வந்தான். ஒரு கெட்ட செய்தியும் கேட்டவனாக இல்லை. வயிறு நிறையத் தின்றுவிட்டு, சம்பளத்தையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தவன் மாதிரி ஊதினான். விராந்தையில் காலடிகள் படபடத்தன. துள்ளிக் குதிப்பதற்கென்றே செய்த உருப்படி அது.

ஸுபைதாவுக்கு மூக்கு உடைபட்ட மாதிரி இருந்தது. இந்தக் கூட்டம்தான் அதைக் கெடுக்கிறது என்று முதலில் கோபம் வந்தது. கொழும்புக்காரர்களுக்கு எல்லாவற்றிலும் அவசரம். மொஹிதீன் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்க வேண்டும். இந்த ஒன்றிலாவது அவர் வாயைக் கிளறாமல் விடுவதில்லை.

"இது நம்மட தட்டுதானே?" என்றாள் திரைக்குள்ளிருந்து. "எனத்துக்கு இப்படி ஓடுறானுகள்?"

"ஓம், மழ வரத்தான் போகுது," என்றார் மொஹிதீன்.

"நான் மழயக் கேக்கல்ல. கொம்புக்காரன் எங்க சுணங்கினான் எண்டு கேக்கிறேன்."

"கோப்பையெல்லாம் நாளைக்குத்தான் திருப்பி எடுக்கணும்."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் அவள் முகம் அவர் எதிரில் இருக்கும். இங்கே நடுவில் திரை. அவள் உதட்டை அவர் பார்க்க முடியாது. கோழித்தட்டு பெட்டியின் அடிக்குப் போனது, சிரிப்புத்தட்டுக்குச் சோம்பேறி என்று பதில் வந்தது, அடுப்புப் பக்கம் திரும்பிப் பேசினால் எழுந்து போனது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நினைவில் வந்து வரிசையாக நின்றன.

அவள் கேட்காமலே அவர் மறுபடியும் வேலிக்குப் போனார். ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்தபோது திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு பேசினார். குரல் ஒரு அளவில் இல்லை. பாதி கிசுகிசுப்பு, பாதி சத்தம்.

"கொம்புக்காரன் ஈக்கிறான் ஸுபைதா. மஞ்சக் கொம்பு. எழும்பி நிண்டு ஊதுறான். கன்னம் ரெண்டும் உப்பிப் போய் ஈக்கிது, கழுத்து நரம்பு தெரியிது. நான் வேலியடியில நிண்டு பாத்துக்கிட்டே ஈந்தேன். எனக்கு ஒண்டும் வரல்ல. மேளம் மட்டும் வருது. அதுவும் காதால இல்ல, நெஞ்சால வருது."

திரைக்குள்ளிருந்து எதைச் சொல்லியும் பயனில்லை. அவரே தொடர்ந்தார்.

"மொதல்ல அந்த மெல்லிய கொழல்தான் போச்சு. கோழித்தட்டப் போட்டா ஊசி கீறுற சத்தம்கூட வரல்ல. பெட்டிக்குள்ள ஒரு திருகாணி ஈக்கிது. அதத் திருப்பினா தட்டு மெல்லச் சுத்தும், சத்தம் கனக்கும். கனத்தா எனக்குக் கேக்கும். ஒரு பெருநாளைக்குக் கொஞ்சம், அடுத்த பெருநாளைக்குக் கொஞ்சம் எண்டு திருப்பினேன். நீ தட்டுத் தேயிது எண்டு நெனச்சே. நான் சும்மா ஈந்துட்டேன். செவிடன் எண்டு தெரிஞ்சா நீ எனக்கிட்ட பேசுறத உட்டுருவே எண்டு ஒரு பயம்."

ஸுபைதாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். நாலு வருஷம். எவனோ ஒருவனின் துக்கத்துக்காக வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக நெஞ்சு கனத்துப் போய் உட்கார்ந்திருந்தாளே, அந்தத் துக்கம் அவனுடையதே இல்லை. ஒரு திருகாணியின் துக்கம். அவள் அவ்வளவு நுட்பமாகச் சொன்ன தீர்ப்பெல்லாம், செருப்பைத் தேடுகிறான், பாதி மனத்தோடு நிற்கிறான் என்றதெல்லாம், இந்த மனிதர் பெட்டிக்குள் கையை விட்டுச் செய்த திருட்டு வேலை. திரைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி அவர் காதைத் திருகலாம் போல இருந்தது.

கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. அவருக்கு அவள் பேச்சு அலுத்துப் போகவில்லை. கேட்காத காதை வைத்துக்கொண்டு, அவள் உதட்டை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு, தெரிந்த ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டு வெள்ளிக்கிழமைகளில் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் அவள் சுமந்த சோர்வு, பார்க்கப் போனால், இருவரும் ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகச் சுமந்தது. அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

விராந்தையில் கை தட்டினார்கள். உருப்படி முடிந்துவிட்டது. துரைமார் இன்னொரு தடவை கேட்டார்கள் போல, அதையே மறுபடி எடுத்தார்கள்.

"மறுபடி ஊத எழும்பிட்டான்," என்றார் மொஹிதீன், வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு. "செல்லு. அவன் எப்படி வாறான்? சுணங்கித்தானே வாறான்?"

"இல்ல," என்றாள் அவள்.

அவருக்குக் கேட்கவில்லை. காதைத் திரையில் ஒட்டினார். அவள் இன்னும் கொஞ்சம் உரத்துச் சொன்னாள். அதுவும் கேட்கவில்லை. மேளக்காரன் ஒருவனாக ஊரையே விழுங்கிக்கொண்டிருந்தான்.

அவள் திரையின் ஓரத்தைப் பிடித்தாள். விலக்கிவிட்டால் அவர் உதட்டைப் பார்த்துக்கொள்வார். வெளியே முப்பது நாற்பது ஆண்கள். முகத்தைக் காட்ட முடியாது. முகம் மட்டுமல்ல, குரலும் அப்படித்தான். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிற கதவைத் தாண்டி அவள் குரல் போனதில்லை. கடைக்கு வந்த ஆட்களில் ஒருவருக்கும் ஸித்தி ஸுபைதாவின் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. கடையில் ஆள் இருந்தால் அவள் கதவில் வளையலைத் தட்டித்தான் கணவனைக் கூப்பிடுவாள். அப்படித்தான் வளர்த்தார்கள், அப்படித்தான் அவளும் மூன்று பெண்களை வளர்த்தாள்.

வெளியே அவர் காத்துக்கொண்டு நின்றார். திரையில் ஒட்டியிருந்த அவர் காதின் வடிவம் துணியில் புடைத்துத் தெரிந்தது. கொம்புக்காரன் வரப்போகிற இடம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஸுபைதா திரையை விலக்கவில்லை. அந்தக் காதுக்கு நேரே வாயைக் கொண்டுபோய், நெஞ்சிலிருந்து மூச்சை எடுத்துக் கத்தினாள்.

"சுணங்கல்ல. நேரத்துக்கு வாறான்."

அவர் நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது அவர் குரலில் தெரிந்தது. "அப்ப சோம்பேறி இல்லியா?"

"சோம்பேறியும் இல்ல, துக்கமும் இல்ல. ஓடி வாறான். சந்தக்கிப் போறவன் மாதிரி வாறான். நல்லா இல்ல."

"நல்லா இல்லியா?"

"ஒங்கட திருகாணியில ஊதினவன்தான் நல்லவன். இவன் சும்மா."

வாசிப்பையும் மீறி அந்தக் குரல் தெருவில் போனது. குதிரைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மோட்டாரில் சாய்ந்து நின்ற ஒரு டிரைவர் பீடியை வாயிலிருந்து எடுத்தான். நீலத் திரை போட்ட முஸ்லிம் வண்டிக்குள்ளிருந்து, கரகரத்த, கனத்த ஒரு பெண்குரல் கிளப்புக் கச்சேரிக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது. சின்னராசா எதுவும் காதில் விழாதவனாக, மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

"நீ செல்றது பிழ," என்றார் மொஹிதீன் வெளியிலிருந்து, அவரும் கத்தினார். "ஊதுற ஆளக் கண்ணால கண்டவன் நான். கழுத்து நரம்பு பொடைக்க ஊதுறான். அவன் சும்மா எண்டு செல்லாத."

"கேட்டவ நான்," என்று ஸுபைதா கத்தினாள். "நரம்பு பொடச்சா போதுமா?"

"இன்னொருக்கா செல்லு."

அவள் இன்னொரு தடவை சொன்னாள். தெரு முழுக்கக் கேட்டது. அவருக்கும் கேட்டது.